மூட்டை தூக்குறவருக்கு எடைப் பயிற்சி எதுக்கு? வடசென்னைக்காரங்க பேசலாம் வாங்க

வண்ணை_தராசு (பழைய வண்ணாரப்பேட்டை)

எங்க ஜிம்முக்கு வர்றவங்கள்ல பெரும்பாலும் இளவட்டப் பசங்கதான். நெஞ்சு, கை, மறுநாளும் நெஞ்சு. வரட்டும், நல்லதுதான். ஆனா அவங்கள விட வந்த அப்பா வாசல்லயே வண்டியோட நிக்கிறாரு. உள்ள வாங்கண்ணேன்னா, "நாள் பூரா மூட்டை தூக்குறவனுக்கு எதுக்குப்பா இரும்பு?"ன்னு கேக்குறாரு. கூட்ஸ் ஷெட்டுல சிமெண்ட் எறக்குறவரு, ஹார்பர்ல லோடு ஏத்துறவரு, லேத் பட்டறைக்காரரு, எல்லாருக்கும் இதே கேள்விதான். அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னுதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

பாரம் தூக்குற வேலை செய்றவருக்குத்தான் எடைப் பயிற்சி இன்னும் அதிகமா வேணும்ங்கிறது என் கட்சி. வேலை வேற, பயிற்சி வேற.

பலம் எப்படி ஏறுது? தசைக்குப் பழக்கமில்லாத ஒரு பாரத்தைக் குடுக்கணும். அப்புறம் ஓய்வும் சோறும் குடுக்கணும். அது முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாகும். கெட்டியான பிறகு பாரத்தைக் கொஞ்சம் ஏத்தணும். ரெண்டாம் உலகப்போர்ல காலு முட்டி அடிபட்டு வந்த சிப்பாய்ங்களுக்கு தாமஸ் டெலார்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் இப்படித்தான் வைத்தியம் பண்ணாரு. லேசான எடையை நூறு தடவை ஆட்டுன்னு சொல்லிட்டிருந்த காலத்துல, கனமான எடையைக் குடுத்து, ஆளுக்குத் தாங்குற அளவு பாத்து ஏத்திக்கிட்டே போனாரு. 1945ல அதைக் கட்டுரையா வெளியிட்டாரு. இன்னிக்கு உலகத்துல எல்லா ஜிம்மும் அந்த ஒரு விதியிலதான் ஓடுது.

கூட்ஸ் ஷெட்டுல இதுல எது நடக்குது? சிமெண்ட் மூட்டை சேர்ந்த அன்னிக்கும் 50 கிலோ, முப்பது வருசம் கழிச்சும் 50 கிலோ. எப்பவும் அதே தோள். எப்பவும் குனிஞ்ச முதுகு. லாரி காலியாகுற வரைக்கும் நிறுத்த முடியாது. உடம்பு எவ்வளவு தாங்கும்னு அங்க யாரும் பாக்குறதில்ல, லாரியில எவ்வளவு மிச்சம்னுதான் பாக்குறாங்க.

டென்மார்க்ல கோப்பன்ஹேகன் பக்கத்துல 1 லட்சத்து 4 ஆயிரம் பேரைப் பல வருசம் பின்தொடர்ந்து பாத்த ஆய்வு 2021ல வந்துச்சு. ஓய்வு நேரத்துல உடம்பை வருத்துனவங்களுக்கு இதய நோயும் சாவும் குறைவு. வேலையிலயே உடம்பை வருத்துனவங்களுக்கு ரெண்டும் அதிகம். சிகரெட், வருமானம், படிப்பு எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் அப்படித்தான். நம்ம ஏரியாவுல அம்பது வயசுலயே இடுப்பைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுற ஆளுங்களைப் பாத்தவனுக்கு இதுல ஆச்சரியம் இல்ல.

உலக சுகாதார அமைப்பு 2020ல சொன்னது: வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிசம் வேகமா நடக்குற மாதிரி அசைவு, அதோட குறைஞ்சது 2 நாள் உடம்புல இருக்குற பெரிய தசைங்க எல்லாத்துக்கும் பலப் பயிற்சி. வாக்கிங் பத்தி எல்லா டாக்டரும் சொல்றாங்க. அந்த ரெண்டாவது பாதி நம்ம வீடுகளுக்கு இன்னும் வந்து சேரல.

———

காசிமேடு_வலை (காசிமேடு)

அண்ணே, நீ சொல்றது கேக்க நல்லாத்தான் கீது. நடைமுறைன்னு ஒண்ணு கீதுல்ல? விடியறதுக்கு முன்னாடி ஹார்பருக்குப் போறோம். மீனு எறக்கணும், ஐஸ் ஒடைக்கணும், பொட்டி பொட்டியா வண்டியில ஏத்தணும். வூட்டுக்கு வர்றப்ப கையில உப்புத் தண்ணி பட்டு வெடிப்பு, முதுகு கட்டையாட்டம் ஆயிடுது. அதுக்கு மேல தண்டால் எடு, பஸ்கி போடுன்னா எவன் போடுவான்? சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிடாத. தூக்கம்தான் வருது.

எங்க தாத்தா கர்லாக்கட்டை சுத்துனவரு. அவரும் கடல்காரருதான். அதனால முடியாதுன்னு சொல்ல வரல. எப்போ, எவ்வளவுன்னு சொல்லு.

———

வண்ணை_தராசு

தம்பி, சோம்பேறின்னு உங்க ஆளுங்கள சொன்னா நாக்கு அழுகிடும். நீங்க கேட்டது சரியான கேள்வி.

விளையாட்டுக்காரங்க வருசம் பூரா ஒரே மாதிரி பயிற்சி எடுக்க மாட்டாங்க. போட்டி இல்லாத மாசங்கள்ல பலத்தை ஏத்துவாங்க. போட்டி மாசங்கள்ல ஏத்துனதைக் காப்பாத்துற அளவுக்கு மட்டும் செய்வாங்க. உங்களுக்கு அப்படி ஒரு காலம் சர்க்காரே குடுத்திருக்கு: ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை பின்னுற வேலை, போட்டு ரிப்பேரு இருக்கும்தான். ஆனா அந்த ஐஸ் பொட்டி பாரம் இருக்காது. எட்டு வாரத்துக்கு மேல கிடைக்குது. பயிற்சியே எடுக்காத ஆளுக்கு அந்தக் காலத்துல நல்லாவே வித்தியாசம் தெரியும். முதல் சில வாரத்துல தசை பெருக்குறதுக்கு முன்னாடியே, இருக்குற தசையை மூளை சேத்து இயக்கக் கத்துக்குது, அதுலயே பலம் கூடும்.

நடுவுல கத்திரி வரும். அதனால வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சிடணும், தண்ணி பக்கத்துல இருக்கணும்.

வாரத்துக்கு 3 நாள் போதும். வேலையில எதைச் செய்றீங்களோ அதையே திரும்பச் செய்யாதீங்க. நாள் பூரா முன்னாடி குனிஞ்சு தூக்குற ஆளுக்கு, கம்பியில தொங்கி இழுக்குறது (முழுசா மேல போக முடியலன்னா சும்மா தொங்கினா போதும்), எடையைத் தன் பக்கமா இழுக்குறது, இடுப்பை மடக்கி முதுகை நேரா வெச்சு எடுக்குறது, ஒத்தைக் கால்ல படி ஏறுறது, இந்த நாலும் முக்கியம். ஒவ்வொண்ணும் 3 சுத்து, சுத்துக்கு 8லேர்ந்து 10 தடவை, நடுவுல 2 நிமிசம் ஓய்வு. இன்னும் ரெண்டு தடவை முடியும்ங்கிற எடத்துல நிறுத்திடுங்க. தாத்தாவோட கர்லாக்கட்டை வீட்டுல இருந்தா எடுங்க. தோள் மூட்டு எல்லாப் பக்கமும் திரும்புறதுக்கு அதைவிட நல்ல சாமான் எங்க ஜிம்முலயும் இல்ல.

ஜூன்ல கடலுக்குப் போக ஆரம்பிச்சதும் வாரத்துக்கு ஒருநாள், அதிகபட்சம் 2 நாள். எடையைக் குறைக்காதீங்க, சுத்தைக் குறைங்க. ஏத்துன பலம் அதுல நிக்கும்.

———

எண்ணூர்_செல்வி (எண்ணூர்)

நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்த இழையில எல்லாம் அப்பா, அண்ணன் கதையா இருக்கு. எங்கம்மாவுக்கு 57 வயசு. மீன் கூடை தூக்கி வித்தவங்க. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, மாத்திரை எடுத்துக்கிறாங்க. தரையில உக்காந்தா கையை ஊனாம எழுந்திரிக்க முடியல. மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்ட் வேலை செய்யலன்னா அன்னிக்குப் பயணமே இல்ல.

பக்கத்து ஜிம்முல கேட்டேன். "ஆன்ட்டிக்கெல்லாம் டிரெட்மில் மட்டும்தான் தருவோம்"னாங்க. பொம்பளைங்களுக்குன்னு நேரமும் இல்ல. அம்மா வயசுக்காரங்க வெயிட் தூக்கலாமா கூடாதா? எலும்பு முறிஞ்சிடும்னு அத்தை பயமுறுத்துறாங்க.

———

பெரம்பூர்_பிசியோ (பெரம்பூர்)

செல்வி, உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான் நான் இங்கே எழுத வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சர்க்கரை. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். வயதாக ஆகத் தசை குறைகிறது, சர்க்கரை போய்ச் சேர இடம் குறைகிறது. தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரை ஒரு வழி, இது இன்னொரு வழி. இரண்டும் சேர்ந்து நடக்கலாம். மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணம் ஆகாது. பயிற்சி தொடங்கப்போவதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் சேரும்போது சர்க்கரை கீழே இறங்கலாம்.

எலும்பு விஷயத்தில் அத்தை பயப்படுவது புரிகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. ஒரு பாதிப் பெண்கள் பயிற்சியாளர் கண்ணெதிரே வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், நன்றாகக் கனமான எடையையே தூக்கினார்கள். 8 மாதம். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். கனமாகத் தூக்கியவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. லேசாகச் செய்தவர்களுக்குக் குறைந்தது. பாரம் படாத எலும்புதான் பலவீனமாகிறது.

வயது அதிகம் என்று தயங்குபவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். 1990இல் அமெரிக்க மருத்துவர் மரியா ஃபியட்டரோன் முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு 8 வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 96 வயதில் முடிந்தது 57 வயதில் முடியாதா?

இனி வீட்டில் என்ன செய்வது. நம் ஏரியா வீடுகளில் எடை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் கேன் நிரம்பினால் 20 கிலோ. பிளாஸ்டிக் குடத்தில் எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்களோ அத்தனை கிலோ. அளந்து ஏற்றுவதற்கு இதைவிட வசதியான எடை கிடையாது.

சுவரை ஒட்டி ஒரு உறுதியான நாற்காலி. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக மூன்று எண்ணி உட்கார வேண்டும். 8 தடவை, 2 சுற்று. கை இல்லாமல் முடியவில்லை என்றால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் தலையணையை எடுங்கள், அதற்கப்புறம் மடியில் 2 லிட்டர் பாட்டிலை அணைத்துக்கொள்ளட்டும். அடுத்தது குடத்தைத் தரையிலிருந்து எடுப்பது. குடத்தை ஸ்டூல் மேல் வைத்து, இடுப்பைப் பின்னே தள்ளி, முதுகை நேராக வைத்து எடுக்கப் பழகட்டும். சில வாரம் போனதும் ஸ்டூலிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து தரைக்கு. பிறகு இரண்டு கையிலும் சம எடை வாளியோடு வராண்டாவில் நடை. அவர் ஆயுசு முழுக்கக் கூடையைத் தலையிலும் ஒரு பக்க இடுப்பிலும் சுமந்தவர், இரண்டு பக்கமும் சமமாகச் சுமப்பது அவர் உடம்புக்குப் புதிது. கடைசியாகச் சுவரில் கை ஊன்றித் தண்டால். வாரம் 2 நாள் தொடங்கி 3 நாளுக்குப் போகலாம்.

கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பலத்தைத்தான் இது திருப்பிக் கொடுக்கும். ஜிம்முக்காரர் சொன்ன டிரெட்மில் அதைக் கொடுக்காது.

———

வியாசை_லெஃப்ட்விங் (வியாசர்பாடி)

பிசியோ அண்ணா சூப்பர். எனக்கு ஒரு டவுட். நான் ஃபுட்பால் டிவிஷன் மேட்ச் ஆடுறேன். இதோட ரெண்டாவது வாட்டி ஹாம்ஸ்ட்ரிங் புடிச்சிக்கிச்சு. ஸ்பிரிண்ட் அடிக்கும்போது பின்தொடையில யாரோ கல்லால அடிச்ச மாதிரி. எங்க ஏரியா சீனியருங்க "வெயிட் அடிச்சா பாடி டைட் ஆயிடும், ஸ்பீடு போயிடும்"ங்கிறாங்க. அது நிஜமா?

———

புளியந்தோப்பு_ஜேப் (புளியந்தோப்பு)

தம்பி, பாக்ஸிங்லயும் இதே பேச்சைக் கேட்டுத்தான் வளந்தோம். வெயிட் தொட்டா கை கனத்துடும், பஞ்ச் ஸ்லோ ஆயிடும்னு. குத்து எங்கேர்ந்து வருதுன்னு பாரு. பின்னங்கால் தரையைத் தள்ளுது, இடுப்பு திரும்புது, தோள் கடைசியா வந்து சேருது. கால்ல தள்ளுற பலம் இல்லாதவன் கையை மட்டும் வெச்சு வீசிட்டு மூணாவது ரவுண்டுல மூச்சு வாங்குவான்.

பலம் ஏறினா ஆள் யானை மாதிரி பெருத்துடணும்னு இல்ல. பளு தூக்குற வீரர், நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைப் பாரு. 77 கிலோ பிரிவுல 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல ஸ்னாட்ச் (ஒரே இழுப்புல தலைக்கு மேல) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (தோள்ல நிறுத்தி, அப்புறம் மேல) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்குனாரு. 2018ல கோல்ட் கோஸ்ட்லயும் தங்கம். தரையில இருக்குற எடையைக் கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள தலைக்கு மேல கொண்டு போகணும். பலத்தோட வேகமும் இல்லாதவனுக்கு அது நடக்கவே நடக்காது.

டைட் ஆகுறது எப்போன்னா, பாதி தூரம் மட்டும் இறங்கி ஏறுறப்ப, நெஞ்சையும் கையையும் மட்டும் போட்டுக்கிட்டு முதுகையும் காலையும் விட்டுடுறப்ப. முழுசா இறங்கி முழுசா ஏறினா உடம்பு நல்லா வளையும், டைட் ஆகாது.

———

பெரம்பூர்_பிசியோ

லெஃப்ட்விங் தம்பிக்கு: ஒருமுறை வந்தவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் திரும்ப வருவது சகஜம். வலி போனதும் ஓடிவிடுகிறோம், பலம் திரும்பியதா என்று பார்ப்பதில்லை. முழு வேகத்தில் கால் முன்னே வீசும்போது பின்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். காயம் பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஆகவே நீளும்போது தாங்கும் பலத்தைக் கூட்ட வேண்டும்.

நார்டிக் என்று ஒரு பயிற்சி. மண்டி போட்டு உட்கார், நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், தலையிலிருந்து முட்டி வரை நேராக வைத்து எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னே சாய். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள். தரையும் ஒரு நண்பனும் போதும், காசு வேண்டாம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் பார்த்தபோது, இதைப் பயிற்சியில் சேர்த்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. முதல் வாரம் 5 தடவை, 2 சுற்று, ஒரு நாள் மட்டும். மறுநாள் நன்றாக வலிக்கும். மேட்ச்சுக்கு முந்தின நாள் செய்யாதே. இப்போது வலி இருந்தால் முதலில் யாரிடமாவது காட்டிவிட்டுத் தொடங்கு.

———

மணலி_நைட்ஷிப்ட் (மணலி)

புரோட்டீன் பவுடர் இல்லாம பலம் ஏறாதுன்னு ஜிம்முல சொல்றாங்க. ஒரு டப்பா விலையைக் கேட்டா வீட்டு மளிகைக் கணக்கு வருது. அப்புறம் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து உடனே பண்ணலாமா?

———

காசிமேடு_வலை

இதுக்கு நான் பதில் சொல்றேன். மீனு கெடைக்கிற ஊர்ல பொறந்துட்டு எதுக்கு டப்பா? வஞ்சிரம்தான் வேணும்னு இல்ல. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி வாங்கு, வெல கம்மி.

———

வண்ணை_தராசு

வலை தம்பி சொன்னதுதான். நூறு கிராம் மீன்ல சுமார் 20 கிராம் புரதம். ஒரு முட்டையில 6 கிராம். நூறு கிராம் வேர்க்கடலையில 25 கிராம். பீஃப் சாப்பிடுற வீடுன்னா நம்ம ஏரியாவுல அது குறைஞ்ச விலையில கிடைக்கிற நல்ல புரதம், எண்ணெயை மட்டும் குறைச்சுக்கோங்க. சைவம்னா பொட்டுக்கடலை, சுண்டல், தயிர், சோயா.

சாதாரணமா ஒரு ஆளுக்கு எடையில கிலோவுக்கு 0.83 கிராம் போதும்னு ஐ.சி.எம்.ஆர். 2020 கணக்கு. பலப் பயிற்சி எடுக்குறவங்களுக்கு 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரியுது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். சோறு மலை மாதிரி, குழம்புல ரெண்டு துண்டு மீனுங்கிற தட்டுல அது வராது. சோத்தைக் குறைச்சு மீனைக் கூட்டணும், காலையில ரெண்டு முட்டை சேக்கணும். சிறுநீரகக் கோளாறு இருக்குறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம கூட்டாதீங்க.

நைட் ஷிப்ட் முடிஞ்சதும் வேணாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, சாயந்தரம் பண்ணுங்க.

பவுடர் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். இந்தப் பக்கம் சில எடத்துல பவுடர் விக்கிற கை, ஊசியையும் விக்குது. ஆபரேஷன் தியேட்டர்ல பிரஷர் விழுந்தா ஏத்துறதுக்குப் போடுற மெஃபன்டர்மைன் ஊசியை, வெயிட் அடிக்க வேகம் வரும்னு பத்தொன்பது வயசுப் பையன் போட்டுக்கிறான். அது இதயத்தை அடிச்சு ஓட்டுது, பழகினா விடமாட்டேங்குது. ஸ்டீராய்டு ஊசி கையைப் பெருக்கும். கூடவே இதயச் சுவரும் தடிக்கும், விதைக்கொட்டை சுருங்கும், நிறுத்துனதும் மனசு விழுந்துபோகும். பொட்டியில எழுதுனதுதான் உள்ள இருக்குன்னும் நம்ப முடியாது. பையன் கொஞ்ச நாள்லயே திடீர்னு ஊதி, முதுகுல பருவும் முகத்துல கோபமுமா வந்தா அப்பா அம்மா கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க. என் கண்ணெதிரே ஊசி எடுக்குற பையனுக்கு என் ஜிம்முல எடம் கிடையாது. ஆனா அவனை உக்கார வெச்சுப் பேசாம அனுப்ப மாட்டேன்.

———

எண்ணூர்_செல்வி

பிசியோ சார், அம்மா நாற்காலிப் பயிற்சி ஆரம்பிச்சிட்டாங்க. தலையணை வெச்சுத்தான். எழுந்திரிக்கும்போது மூச்சைப் புடிச்சிக்கிறாங்க, முட்டியில கட்கட்னு சத்தம் வருது. நிறுத்தணுமா?

———

பெரம்பூர்_பிசியோ

மூச்சைப் பிடிக்க விடாதீர்கள். பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கித் தூக்கினால் அந்த நேரத்தில் பிரஷர் மிகவும் ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

வலி இல்லாத சத்தத்துக்காக நிறுத்த வேண்டாம். செய்யும்போது லேசான வலி இருந்து மறுநாளுக்குள் அடங்கினாலும் தொடரலாம், தலையணையை இன்னொன்று கூட்டுங்கள். முட்டி வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ, கால் நழுவினாலோ நிறுத்திவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள், அங்கே பிசியோதெரபி பிரிவும் இருக்கிறது. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டல் வந்தால் அன்றே டாக்டர்.

அத்தையையும் அடுத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்கும் அதே 8 தடவை, 2 சுற்று.